மூணு மா வேர்

கீழப்புலியநல்லூரில் ஊர் உளுந்து மொத்தமும் ஒரே செடியாகிப்போன வருஷத்தில், அதை முதலில் கண்டுபிடித்தவள் காத்தாயி. கண்டுபிடித்த அன்றைக்கு அவளுக்கு ஆச்சரியத்தைவிட எரிச்சல்தான் அதிகம் வந்தது. மாசிப் பனி பாதத்தில் ஒட்டுகிற காலை நேரத்தில், ஒரு செடியைப் பிடுங்கி வேரைப் பார்க்கலாம் என்று குனிந்தவளுக்குச் செடி வரவில்லை. ஒரு கையால் இழுத்தாள், வரவில்லை. புடவையை இழுத்துச் செருகிக்கொண்டு இரண்டு கையாலும் இழுத்தாள், வரவில்லை. மூன்றாவது இழுப்பில் வாய்க்காலுக்கு அந்தப் பக்கம், நாலு வயல் தள்ளி, கோயில் நிலத்து உளுந்து முழுக்க ஒரு தரம் ஆடி அடங்கியது. கையை விட்டாள். மறுபடி இழுத்தாள், மறுபடி ஆடியது. "எவ அங்க நின்னு செடியப் புடிச்சு ஆட்டறது?" என்று கத்தினாள். அங்கே ஒரு கொக்கு மட்டும் நின்றது, அதுவும் இவளைத்தான் பார்த்துக்கொண்டிருந்தது.

அந்த வட்டாரத்தில் உளுந்துக்கென்று யாரும் உழுவது கிடையாது. தை மாதத்தில் சம்பா அறுக்க ஒரு வாரம் இருக்கும்போது, நிற்கிற நெல்லுக்குள்ளேயே இறங்கி, மெழுகுப் பதத்தில் இருக்கிற சேற்றில் உளுந்தை வீசித் தெளித்துவிட்டு வந்துவிடுவார்கள். அறுப்பு மிஷின் சக்கரத்துக்குத் தப்பியது அறுத்த நெல்தாளுக்கு நடுவே முளைத்து, மேலே பனியையும் கீழே மிச்ச ஈரத்தையும் குடித்து, பங்குனிக் கடைசியில் நெற்றாகி நிற்கும். ஊரே ஒரு வாரத்தில் தெளிக்கும். வீசுகிற கைக்கு வரப்பு தெரியாது, இவர் விதை அவர் வயலில் விழும், அவர் விதை இவர் வயலில் விழும், அதனால்தான் வேர்கள் ஒன்றையொன்று தேடிப் போய்ப் பிணைந்துவிட்டன என்று சிலர் சொன்னார்கள். போன வருஷத்துப் புயல் என்றார்கள் சிலர். அம்மன் என்றார்கள் மற்றவர்கள். ஏன் என்பதைப் பற்றி ஊர் மூன்று நாள் பேசியது. நாலாம் நாள் அந்தக் கேள்வியை விட்டுவிட்டு, காய் யாருக்கு என்ற கேள்வியை எடுத்துக்கொண்டது.

காத்தாயிக்கு இருப்பது மூணு மா நிலம், கணக்காக ஒரு ஏக்கர். ஊரின் கடைமடை, வாய்க்கால் தண்ணீர் கடைசியாக வந்து சேருகிற இடம், அதற்கு அப்பால் உப்பனாறுதான். கருவேல மரம் மண்டிக் கிடந்த திடலை அவளும் அவள் புருஷன் பக்கிரிசாமியும் பன்னிரண்டு வருஷம் வெட்டி, மேடு தட்டி, அலையாய் அலைந்து பட்டா வாங்கினார்கள். பக்கிரிசாமி போய்ச் சேர்ந்து மூன்று வருஷமாகிறது. அதற்குள் அந்த மூணு மாவுக்கு இரண்டு பக்கத்து நிலத்தையும் உத்திராபதி வாங்கிவிட்டார். ஊருக்கு வடக்கே, தலைமடையில், நல்ல மண்ணில் இரண்டு வேலி, பதின்மூன்று ஏக்கருக்கு மேல், வைத்திருக்கிற மனிதர் அவர். கடைமடையில் அவருக்கு வேண்டியது விவசாயம் அல்ல, இறால் குட்டை. ஆற்று உப்புத் தண்ணீரை உள்ளே கொண்டுவர நடுவில் கிடக்கிற காத்தாயி நிலம் வேண்டும். கேட்டார், ஆள் விட்டுக் கேட்டார், கடைசியில் தெளிப்பு நாளன்று டீக்கடையில் நாற்பது பேர் முன்னால் கேட்டார்.

"உப்பு பூத்துக் கெடக்குற மண்ணு, காத்தாயி. அதுல என்னத்த வெளைய வைக்கப்போற? குடுத்துட்டு நிம்மதியா இரு."

காத்தாயி டீயைக் குடித்து முடித்துவிட்டுத்தான் பதில் சொன்னாள். "இந்த உளுந்துல என் நெலத்துலேருந்து ஒரு மூட்ட களத்துக்கு வரலன்னா, நீங்க நீட்டுன எடத்துல கையெழுத்துப் போடறேங்கய்யா. வந்துருச்சுன்னா, இனிமே இந்தப் பேச்ச நீங்க எடுக்கப்படாது."

நாற்பது பேரும் கேட்டார்கள். அது வாய்க்கொழுப்பில் சொன்னது அல்ல. எவ்வளவு மோசமான வருஷத்திலும் அந்த மூணு மா இரண்டு மூட்டைக்குக் குறைந்தது கிடையாது. ஊர் உளுந்து ஒரே செடியாகும் என்று அவள் எங்கே கண்டாள்?

ஒரே செடியானதோடு அது நிற்கவில்லை. ஒரு செடி என்றால் அதற்கு இலை ஒரு பக்கம், தண்டு ஒரு பக்கம், காய் ஒரு பக்கம் என்று இருக்க வேண்டுமல்லவா, அதுபோல மாசி பாதியில் வயல்கள் தங்களுக்குள் வேலையைப் பிரித்துக்கொண்டன. நடுத்தெருக்காரர்களின் வயல்களில் வெறும் இலை, ஒவ்வொன்றும் முறம் அகலம், உள்ளே மனிதர் இறங்கினால் தலை தெரியாது. கோயில் நிலத்தில் இலையும் இல்லை, காயும் இல்லை; தொடை கனத்தில் தண்டுகள் மட்டும் வடக்கும் தெற்குமாக வரப்பைத் தாண்டித் தாண்டிப் படுத்துக் கிடந்தன. உத்திராபதியின் இரண்டு வேலியில் காய், கொத்துக் கொத்தாய்க் காய், இலையே தெரியாத அளவுக்குக் காய். காத்தாயியின் மூணு மாவில் ஒன்றுமே இல்லை. வெளுத்துப்போன நாலைந்து துளிர் அங்கொன்றும் இங்கொன்றுமாக நின்றது, பார்க்கிறவர்களுக்கு அது தரிசு.

ஊர் இதற்குப் பழகிக்கொண்ட வேகம்தான் வேடிக்கை. கோயில் நிலத்துத் தண்டில் காது வைத்தால் உள்ளே தண்ணீர் மேலே ஏறுகிற சத்தமும், இலை சமைத்த சர்க்கரை கீழே இறங்குகிற சத்தமும் தனித்தனிக் குழாயில் தனித்தனியாகக் கேட்டன. ஏறுகிற சத்தம் தலைவலிக்கு நல்லது, இறங்குகிற சத்தம் தூக்கத்துக்கு நல்லது என்று பெண்கள் பத்து நாளில் கண்டுபிடித்துவிட்டார்கள், தபால்காரர் கடிதம் கொடுத்து முடித்ததும் சைக்கிளைச் சாத்திவிட்டு இறங்குகிற குழாயில் சாய்ந்து தூங்கினார். வடக்கே ஒரு எருமை கொடியில் வாய் வைத்தால் தெற்கே இலையெல்லாம் சுருங்கும், உடனே தெற்கிலிருந்து வடக்குக்குப் போன் போகும். வரப்புத் தகராறில் பதினோரு வருஷம் கோர்ட்டுக்கு நடந்த அண்ணன் தம்பி இரண்டு பேரும் நடு வரப்பில் தண்டை வெட்டிப் பார்த்தார்கள். காலையில் வெட்டினது சாயங்காலத்துக்குள் கூடிக்கொண்டது. ஒரு வாரம் வெட்டி அலுத்துப்போய், வழக்கை வாபஸ் வாங்கிவிட்டு வக்கீலைத் திட்டிக்கொண்டு வீடு திரும்பினார்கள்.

காத்தாயிக்கு மட்டும் இதில் எதுவும் ரசிக்கவில்லை. பங்குனி பிறக்க ஐந்து நாள்; அறுப்புக்கு அதற்குமேல் இருபத்தைந்து நாள்; தன் நிலத்தில் ஒரு காய் இல்லை. அவமானமாக இருந்தது அவளுக்கு, அழுகையும் வந்தது, அழுகையை யாருக்கும் காட்டுகிற பழக்கம் இல்லாததால் மண்வெட்டியை எடுத்துக்கொண்டு போய் நிலத்தின் நடுவில் வெட்டினாள். முழங்கால் ஆழத்தில் மண்வெட்டி மெத்தென்று எதிலோ பட்டது. கையால் மண்ணை விலக்கினாள். உளுந்து வேரில் கடுகு கனத்தில் முடிச்சு இருக்கும், எல்லாரும் பார்த்ததுதான். இங்கே விளாம்பழ கனத்தில் இருந்தது முடிச்சு. ஒன்றல்ல, பக்கத்தில் பக்கத்தில், அடுக்கடுக்காய், மூணு மாவும் அடியில் முடிச்சாகவே இருந்தது. முடிச்சு வேலை செய்கிறதா என்று பார்க்க நகத்தால் கிள்ளுவார்கள், உள்ளே சிவப்பாக இருந்தால் உயிரோடு இருக்கிறது, பச்சையாக இருந்தால் செத்துவிட்டது. காத்தாயி கிள்ளினாள். சிவப்பு அவள் விரலில் வழிந்தது, வெதுவெதுப்பாக இருந்தது. குழியின் ஓரத்தில் உட்கார்ந்து அந்த விரலையே வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தாள், பிறகு மண்ணைத் தள்ளி மூடினாள்.

பயறு ஆராய்ச்சி நிலையத்திலிருந்து ரிஸ்வானா வந்தது அந்த வாரம்தான். முப்பது வயதிருக்கும், மைக்ராஸ்கோப்பைப் பிள்ளையைப்போல மடியில் வைத்துக்கொண்டு ஆட்டோவில் வந்தாள். நாலு நாள் எல்லா வயலிலும் துணுக்குத் துணுக்காக வெட்டிப் பார்த்துவிட்டு, மாரியம்மன் கோயில் வாசலில் ஊர் கூடியிருந்தபோது சொன்னாள்.

"ஒரு செடியோட ஒவ்வொரு உயிரணுவுலயும் முழுச் செடிக்கான புத்தகமும் இருக்குங்க. வேர்ல இருக்கற அணுவுக்கும் பூக்கத் தெரியும், இலையில இருக்கறதுக்கும் முடிச்சுக் கட்டத் தெரியும். ஆனா ஒண்ணொண்ணும் ஒரு பக்கத்தத்தான் திறந்து படிக்கும், மத்த பக்கத்த மூடி வச்சுக்கும். இங்க வயல் வயலா அப்படித் திறந்திருக்கு, அவ்வளவுதான்."

"காத்தாயி வயலு எந்தப் பக்கத்தத் தெறந்துருக்கு?" என்று உத்திராபதி சிரித்துக்கொண்டே கேட்டார்.

"அதுதாங்க முக்கியமான பக்கம். மொத்தச் செடிக்கும் காத்துலேருந்து சத்து எடுத்து அனுப்பறது அந்த மூணு மாதான். வேற எந்த வயல்லயும் ஒரு முடிச்சுகூட இல்ல. முடிச்சுக்குள்ள இருக்கற சிவப்பு நம்ம ரத்தத்துக்குச் சித்தப்பா மகன் மாதிரி, மூச்சுக் காத்தப் புடிச்சு வைக்கும். அது நின்னா உங்க காய் பருப்பில்லாத வெறும் பொக்கு."

"அவ நெலம் ஏன் வேராச்சு?" இதைக் கேட்டது அமிர்தம், காத்தாயியின் ஓரகத்தி, நடுத்தெருவில் இலை வயல்காரி.

"பட்டினி கெடந்த எடம்தான் முடிச்சுக் கட்டும். உரம் சாப்பிட்ட எடம் கட்டாது. வயிறு நெறஞ்சிருச்சுன்னா இலையிலேருந்து குழாய் வழியா வேருக்குச் சேதி போயிரும், இனி முடிச்சு வேணாம்னு. அதனால அறுப்பு வரைக்கும் அந்த மூணு மாவுல யாரும் யூரியா போட்டுராதீங்க. ஒரு மூட்டை போட்டாப் போதும், முடிச்சு செத்துரும். அப்புறம் அந்த வயலு இருபது நாள்ல தன் பாட்டுக்குப் பூத்துக் காய்க்கும், மத்த வயலெல்லாம் வெளுத்துரும்."

ரிஸ்வானா இதைச் சொன்னபோது காத்தாயி கூட்டத்தின் பின்னால் நின்றாள். அவள் முகத்தைப் பார்த்திருந்தால் ஊர் அன்றைக்கே கொஞ்சம் சுதாரித்திருக்கும்.

ஊர் பார்த்தது வேறு. மறுநாளே காத்தாயியின் வரப்பில் மஞ்சள் பூசிக் குங்குமம் வைத்துவிட்டார்கள். வேப்பிலை கட்டினார்கள், சூடம் கொளுத்தினார்கள், வெள்ளிக்கிழமை பொங்கல் வைத்தார்கள். காத்தாயி தன் நிலத்தில் செருப்புப் போட்டுக்கொண்டு நடக்கக் கூடாது என்று அவளுக்கே சொன்னார்கள். "நீதான் ஊருக்குப் படியளக்கற தாயி" என்று நேற்றுவரை முகம் கொடுத்துப் பேசாதவர்கள் கையெடுத்துக் கும்பிட்டார்கள். கும்பிடுவது சுலபமான காரியம், அதற்குப் பங்கு கொடுக்க வேண்டியதில்லை. கோயில் வாசலில் பங்கு பேசின கூட்டத்தில், காய் எந்த வயலில் இருந்தாலும் இலைக்காரர்களுக்கும் தண்டுக்காரர்களுக்கும் நிலத்தின் அளவுப்படி கொடுத்துவிடுவது என்று தீர்மானமாயிற்று, ஏனென்றால் இலை உழைப்பதை எல்லாரும் கண்ணால் பார்த்தார்கள், தண்டு உழைப்பதைக் காதால் கேட்டார்கள். மண்ணுக்குள் இருப்பதற்கு என்ன அளவு என்று வந்தபோது ஆளாளுக்குத் தொண்டையைச் செருமினார்கள். கடைசியில் ஒரு பெரியவர், "பாவம், காத்தாயிக்கும் பாத்து ஏதோ குடுத்துருவோம்" என்றார். சரி சரி என்று தலையாட்டிவிட்டு எழுந்தார்கள்.

அந்த 'பாவம்' என்ற சொல் காத்தாயிக்குக் காதில் ஈயமாக இறங்கியது. அது போதாதென்று உத்திராபதி பத்தடி போய்விட்டுத் திரும்பி நின்றார்.

"அப்பறம் காத்தாயி, டீக்கடைல சொன்னது ஞாபகம் இருக்குல்ல? ஒன் நெலத்துலேருந்து ஒரு மூட்ட. நாலு பேரு குடுக்கற பங்கு அதுல சேராது."

"ஞாபகம் இருக்குங்கய்யா."

"எதுக்குச் சொல்றேன்னா, பொக்லைன்காரனுக்கு முன்கூட்டியே சொல்லி வைக்கணும். அறுப்பு முடிஞ்சதும் எறக்கிருவேன். இலைன்னா இலை, வேருன்னா வேரு, அததுக்கு ஒரு எடம் இருக்கு. வேரு வேலை முடிஞ்சா மண்ணுக்குள்ளதான கெடக்கப்போவுது?"

காத்தாயி சுற்றிலும் பார்த்தாள். வரப்பில் பொங்கல் வைத்த பெண்கள் இருந்தார்கள், கும்பிட்ட ஆண்கள் இருந்தார்கள், தலைவலி தீர்ந்தவர்கள் இருந்தார்கள். ஒருவர் வாயிலிருந்தும் ஒரு சொல் வரவில்லை. அமிர்தம்கூடப் புடவைத் தலைப்பில் நூல் பிரித்துக்கொண்டிருந்தாள். அறுப்பு முடிகிறவரை வேர் வேண்டும், அதற்குள் யாரும் யாரையும் பகைத்துக்கொள்ள வேண்டாம் என்பதுதான் அந்த மௌனத்தின் அர்த்தம், அது காத்தாயிக்குத் தெளிவாகவே விளங்கியது. வீட்டுக்கு வழியெல்லாம் அவளோடு நடந்துவந்த அமிர்தம், "வாக்குக் குடுத்துட்டியேக்கா, நாங்க என்ன பண்றது?" என்றாள். காத்தாயி கதவைத் திறந்து உள்ளே போனாள். அவள் வீட்டு மூலையில் சம்பாவுக்கு வாங்கி மிஞ்சிய யூரியா மூட்டை ஒன்று, தைத்த வாய் பிரிக்காமல் சுவரில் சாய்ந்திருந்தது.

இரண்டு நாள் அவள் அதையே பார்த்துக்கொண்டிருந்தாள். போட்டால் நிலம் மிஞ்சும். இருபது நாளில் தன் மூணு மா பூத்துக் காய்த்துவிடும் என்று ரிஸ்வானாவே சொல்லியிருக்கிறாள், ஒரு மூட்டை என்ன, மூன்று மூட்டை எடுக்கலாம். ஊர் வெளுக்கும். அமிர்தத்தின் இலையும் வெளுக்கும், அவளுக்கு அந்த உளுந்தை விட்டால் சித்திரைக்கு வேறு வழி கிடையாது. போடாவிட்டால் ஊர் பிழைக்கும், பக்கிரிசாமியும் அவளும் தோள் வலிக்க வெட்டிய மண்ணில் உப்புத் தண்ணீர் ஏறும். தான் போட மாட்டாள் என்ற நம்பிக்கையில்தான் உத்திராபதி சிரிக்கிறார், தான் நல்லவள் என்பதுதான் அவர் கையில் இருக்கிற பலம் என்பது புரிந்ததும் காத்தாயிக்கு வந்த கோபத்துக்கு அளவில்லை. மூன்றாம் நாள் காலை ஒன்பது மணிக்கு, ஊர் முழுக்க வெளியில் நடமாடுகிற நேரமாகப் பார்த்து, மூட்டையைத் தலையில் ஏற்றிக்கொண்டாள்.

வடக்குத் தெரு வழியாகப் போனாள், நடுத்தெரு வழியாகப் போனாள், கோயிலைச் சுற்றிக்கொண்டு போனாள். அவ்வளவு சுற்ற வேண்டிய அவசியமே இல்லை. யூரியா மூட்டையோடு காத்தாயி போகிறாள் என்ற சேதி அவளுக்கு முன்னால் ஓடியது. கடைமடைக்குப் போய், செருப்போடு வரப்பில் ஏறி, மூட்டையை இறக்கி, வாயைப் பிரித்து, அதன் பக்கத்திலேயே உட்கார்ந்தாள். அரை மணியில் ஊரே அங்கே நின்றது. கூட்டம் என்றால் கோயில் வாசல்தான் என்று இருந்த ஊர், கடைமடைக்கு வந்து கூடியது அதுதான் முதல் தடவை. உத்திராபதி பைக்கில் வந்து, பைக் போகாத இடத்தில் இறங்கி, வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு நடந்து வந்தார்.

"என்ன காத்தாயி இது, சின்னப்புள்ளத்தனமா?"

"என் நெலம், என் உரம். போடலாம்னு வந்தேங்கய்யா. ஒரு மூட்ட களத்துக்கு வரணுமே."

"போட மாட்டா" என்றார் அவர் கூட்டத்தைப் பார்த்து. "அவ அப்படிப்பட்டவ இல்ல. எல்லாரும் போயி வேலயப் பாருங்க."

காத்தாயி எழுந்தாள். மூட்டைக்குள் கையை விட்டு, ஒரு கை நிறைய வெள்ளைக் குருணையை அள்ளி, விதை தெளிக்கிற வீச்சில், தன் நிலத்தில் வீசினாள்.

மண்ணுக்குள் ஏதோ இழுத்து மூச்சு விட்டதுபோல ஒரு சத்தம். பிறகு அவள் காலடியிலிருந்து ஒரு வெளுப்புக் கிளம்பியது, ஒரு கை அகலம்தான், அதற்கு மேல் இல்லை. வாய்க்காலைத் தாண்டி, கோயில் நிலத்துத் தண்டு வழியாக ஓடி, அமிர்தத்தின் இலைகளுக்கு நடுவே மஞ்சள் கோடு கிழித்துக்கொண்டு, ஊருக்கு வடக்கே போய், உத்திராபதியின் காய்க்கொத்துகளில் ஒரு வரிசையைப் படபடவென்று உதிர்த்தது. அவ்வளவு தூரத்திலிருந்து அந்தச் சத்தம் எல்லாருக்கும் கேட்டது. அமிர்தம் "அக்கா!" என்று அலறினாள். காத்தாயிக்குத் தன் உடம்பிலிருந்து ஒரு பிடி சதையைத் தானே எடுத்து எறிந்ததுபோல வலித்தது. ஆனாலும் கை மறுபடி மூட்டைக்குள் போனது.

"நிறுத்து" என்றார் உத்திராபதி. "நிறுத்தும்மா. நெலத்த நீயே வச்சுக்க. வாக்கு வேணாம், ஒண்ணும் வேணாம்."

"நெலம் எப்பவும் என்கிட்டதான் இருக்கு, நீங்க என்ன குடுக்கறது?" என்றாள் காத்தாயி. இரண்டாவது பிடி அவள் கையில் இருந்தது. "வாக்கயும் நான் திருப்பி வாங்கல. ஒரு மூட்ட களத்துக்கு வரணும், வரும். இந்த வருசம் இல்ல, அடுத்த வருசம். எல்லா அணுவுக்கும் எல்லாம் தெரியும்னு அந்தப் பொண்ணு சொன்னுச்சுல்ல? என் நெலத்துக்கும் காய்க்கத் தெரியும். ஒங்க நெலத்துக்கும் முடிச்சுக் கட்டத் தெரியும். வாய்க்காத் தண்ணிக்கு முறை வச்சுருக்கோம், வேருக்கும் முறை வைங்க. அடுத்த வருசம் எனக்குக் காய் முறை. ஒங்களுக்கு வேர் முறை."

"என் மண்ணுல முடிச்சுக் கட்டாது" என்றார் அவர், கொஞ்சம் பெருமையோடு.

"பட்டினி போட்டாக் கட்டும். சம்பாவுக்கு ஒரு கைப்பிடி உரம் போடக் கூடாது. ஒங்க ரெண்டு வேலியும் காயணும். என் மூணு மாவுக்கு ஊர் எரு வரணும், முத தண்ணி வரணும். கும்புடல்லாம் வேணாம்."

கோயிலில் வராத வார்த்தை இங்கேயும் வராதோ என்று காத்தாயிக்கு ஒரு கணம் பயமாகத்தான் இருந்தது, அந்தப் பிடியை வீசிவிடுவாளோ என்று அவளுக்கே அவள் மேல் பயம். அப்போது அமிர்தம் கூட்டத்திலிருந்து வெளியே வந்து காத்தாயிக்குப் பக்கத்தில் நின்றாள், தன் இலையில் மஞ்சள் கோடு விழுந்தவள், அழுதுகொண்டே, "முறை வைங்க. அதுக்கடுத்த வருசம் வேணா நான் வேரா இருந்துட்டுப் போறேன்" என்றாள். அதற்குப் பிறகு கோர்ட்டுக்கு நடந்த அண்ணன் தம்பி வந்தார்கள், பிறகு தபால்காரர், அவருக்கு அங்கே நிலமே கிடையாது. கடைசியில் உத்திராபதி ஊர் முன்னால், தன் வாயால், தன் நிலம் ஒரு வருஷம் உரமில்லாமல் கிடக்கும் என்று சொன்னார். காத்தாயி கையிலிருந்ததை மூட்டைக்குள் போட்டாள், வாயைக் கட்டினாள்.

"இந்த மூட்ட இங்க இருந்தா எனக்கே கை அரிக்கும். எடுத்துட்டுப் போயிருங்கய்யா."

அவர் ஆளைத் தேடிச் சுற்றிலும் பார்த்தார். யாரும் நகரவில்லை. பைக்கும் அங்கே வராது. கீழப்புலியநல்லூரில் உத்திராபதி தலையில் சுமை ஏறினதை அன்றைக்குத்தான் ஊர் பார்த்தது. வரப்பு வரப்பாக, வாய்க்கால் வாய்க்காலாக, வழுக்கி வழுக்கி நடந்துபோனார். நேர் வழி இருந்தும், சுற்று வழியில் போக வேண்டியதாயிற்று, ஏனென்றால் நேர் வழியில் காத்தாயியின் நிலம் இருந்தது, அதில் ஒரு குருணைகூடச் சிந்தக் கூடாது.

அந்த வருஷத்துக் காய் நன்றாகவே திரண்டது, ஒரு வரிசை குறைவு, அவ்வளவுதான். காத்தாயிக்கு அளவுப்படி பங்கு வந்தது, 'பாவம்' என்று யாரும் சொல்லவில்லை. ஆடியில் ஊர் எரு எல்லாம் கடைமடைக்கு வண்டி வண்டியாகப் போனது. முதல் தண்ணீர் அவள் மடையில் பாய்ந்தது. பக்கிரிசாமி இருந்து பார்க்கவில்லையே என்று அன்றைக்கு அவள் மடைமேல் உட்கார்ந்து, யார் பார்த்தாலும் பரவாயில்லை என்று, வாய்விட்டு அழுதாள். உத்திராபதியின் இரண்டு வேலியில் சம்பா சோனியாக நின்றது. தையில் எல்லாரும் தெளித்தார்கள், மாசியில் மறுபடியும் எல்லாம் ஒரே செடியாயிற்று, அதை இப்போது யாரும் எட்டிக்கூடப் பார்க்கவில்லை; ரிஸ்வானா மட்டும் வந்து நாலு துணுக்கு வெட்டிக்கொண்டு போனாள். வடக்கே இரண்டு வேலியும் தரிசாய் வெளுத்துக் கிடந்தது. கடைமடை மூணு மாவில் காத்தாயி இறங்க இடமில்லாமல் காய்த்தது.

பங்குனிக் கடைசியில் காத்தாயி தன் முதல் மூட்டையைத் தலையில் வைத்துக்கொண்டு களத்துக்கு வந்தாள். பதினாறு மூட்டையில் அது முதலாவது. களத்தில் ஊர் கூடியிருந்தது, நடுவில் உத்திராபதி, இளைத்துக் கறுத்துப்போயிருந்தாலும் முகத்தில் ஒரு களை. எல்லாரும் அவரைச் சூழ்ந்துகொண்டிருந்தார்கள்.

"வேரு எப்புடிண்ணே இருக்கு?" என்று அமிர்தம் அக்கறையாகக் கேட்டுக்கொண்டிருந்தாள். "அடியில எறும்பு ஏதும் வந்துச்சா? வெயிலு தாங்குதா?"

"கிள்ளிப் பாத்தேம்மா. செக்கச் செவேல்னு இருக்கு" என்றார் உத்திராபதி. சொல்லும்போது அவருக்குக் கண் நிறைந்துவிட்டது. "தேங்கா கனம் ஒண்ணொண்ணும். கையில வச்சா சூடு. எங்கேருந்துதான் வருதோ."

காத்தாயி மூட்டையோடு அப்படியே நின்றாள். இறக்கி வைக்க நாலு பேர் ஓடிவந்தார்கள், அவள் கையைக் காட்டித் தடுத்தாள். தன் வாக்கு நிறைவேறின நாள் அது, சிரித்துக்கொண்டு வரவேண்டும் என்றுதான் வழியெல்லாம் நினைத்துக்கொண்டு வந்தாள். ஆனால் சிரிப்பு வரவில்லை.

"அமிர்தம்" என்றாள். "போன வருசம் என் வரப்புல பொங்கல் வச்ச. சூடம் கொளுத்துன. வேரு எப்புடி இருக்குன்னு ஒரு நாளு, ஒரே ஒரு நாளு, என்கிட்ட நீ கேக்கலயேடி."

அமிர்தம் வாயைப் பொத்திக்கொண்டாள். உத்திராபதிதான் முதலில் எழுந்தார், எழுந்து என்ன செய்வதென்று தெரியாமல், உட்கார்ந்திருந்த இடத்தைத் துண்டால் தட்டிக் காட்டினார். காத்தாயி அங்கே உட்காரவில்லை. மூட்டையைத் தானே இறக்கி, வாயைப் பிரித்து, கறுத்துப் பளபளத்த உளுந்தைக் களத்தில் எல்லாரும் பார்க்கக் கொட்டிவிட்டு, வெறும் சாக்கை உதறித் தோளில் போட்டுக்கொண்டு, அடுத்த மூட்டையை எடுக்கப் போனாள்.